பிளக் சுடுவது ஏன்? பூட்டுக்காரர் மகன் போட்ட கணக்கு!

காலை நேரம். குளிக்க வெந்நீர் வேண்டும். பள்ளிக்கூடச் சட்டைக்கு இஸ்திரி போட வேண்டும். இரண்டும் அவசரம்!

சுவரில் இருப்பதோ ஒரே ஒரு சிறிய பிளக். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கொண்டுவந்து சொருகுகிறார்கள். ஹீட்டர் கம்பியும் இஸ்திரிப் பெட்டியும் அதிலேயே ஓடுகின்றன. சற்று நேரத்தில் ஏதோ கருகும் வாடை! பிளக்கைத் தொட்டால் சுடுகிறது.

இப்படி நடக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? முடியும். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். அந்தக் கணக்குக்கு அடிப்படை போட்டவர், பூட்டுச் செய்யும் தொழிலாளி ஒருவரின் மகன்.

தந்தையே ஆசிரியர்

அவர் பெயர் ஜார்ஜ் சைமன் ஓம். ஜெர்மனியில் எர்லாங்கன் என்ற ஊரில் 1789-ம் ஆண்டு பிறந்தார். தந்தை பள்ளிக்கூடப் படிப்பு இல்லாதவர். ஆனால் தாமாகவே கணக்கும் விஞ்ஞானமும் கற்றவர். தாம் கற்றதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தார். ஓமுக்குப் பத்து வயதில் தாய் இறந்துவிட்டார்.

கல்லூரிக்குப் போன ஓம், படிப்பை விட்டு நடனம், பில்லியர்ட்ஸ் என்று பொழுதைக் கழித்தார். தந்தைக்குக் கோபம் வந்தது. மகனைச் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பிவிட்டார். அங்கே ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார் வேலை! பின்னர் ஊர் திரும்பி, 1811-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1817-ல் கொலோன் நகரில் ஒரு பள்ளியில் ஆசிரியரானார். மின்சார ஆராய்ச்சியை அங்கேதான் தொடங்கினார்.

எட்டுக் கம்பிகள்

அப்போது மின்சாரத்துக்கு இருந்தது வோல்ட்டாவின் பேட்டரிதான். அதன் வேகம் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். ஆடும் தராசில் எப்படி நிறுப்பது?

ஓம் வேறு வழி பிடித்தார். பிஸ்மத் என்ற உலோகத்தின் இரண்டு முனைகளிலும் செம்பைச் சேர்த்தார். ஒரு முனையைக் கொதிக்கும் நீரின் சூட்டில் வைத்தார். மறு முனையைப் பனிக்கட்டியின் குளிர்ச்சியில் வைத்தார். சூட்டு வித்தியாசத்தால் மின்சாரம் பிறந்தது. அது ஆடாமல் அசையாமல் ஒரே சீராக ஓடியது!

பிறகு எட்டுச் செப்புக் கம்பிகளை எடுத்தார். எல்லாம் ஒரே பருமன். நீளம் மட்டும் 2 அங்குலத்திலிருந்து 130 அங்குலம் வரை. ஒவ்வொன்றாக மாட்டி, காந்த ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று அளந்தார்.

கம்பி நீள நீள, மின்சாரம் குறைந்தது. அந்தக் குறைவும் கணக்கோடு இருந்தது. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் கம்பியின் தடை கிடைக்கும். இதுதான் ஓம் விதி.

மேல்தொட்டித் தண்ணீரை நினைத்துக்கொண்டால் எளிதில் விளங்கும். தொட்டியின் உயரம் வோல்ட். குழாயில் ஓடும் தண்ணீர் ஆம்பியர். குழாயின் குறுகல்தான் தடை.

1827-ல் இதைப் புத்தகமாக வெளியிட்டார் ஓம். பாராட்டுக்குப் பதில் அலட்சியமே கிடைத்தது. மனம் நொந்து கொலோன் வேலையையும் விட்டார். பல ஆண்டுகள் நிலையான பதவி இல்லாமல் திண்டாடினார். 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் வழங்கிய பிறகுதான் சொந்த நாட்டிலும் அவர் மதிப்பு உயர்ந்தது! மியூனிக் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியர் நாற்காலி 1852-ல் கிடைத்தது. இரண்டே ஆண்டில் காலமானார். 1881-ல் பாரிஸில் கூடிய மின்சார மாநாடு தடையின் அளவுக்கு அவர் பெயரையே வைத்தது.

இஸ்திரிப் பெட்டிக் கணக்கு

இப்போது அந்த பிளக்குக்கு வருவோம்.

வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். இஸ்திரிப் பெட்டி 1000 வாட் என்றால், 1000-ஐ 230-ஆல் வகுக்க வேண்டும். ஏறக்குறைய 4.3 ஆம்பியர் வரும். 230-ஐ அந்த 4.3-ஆல் வகுத்தால், பெட்டியின் தடை சுமார் 53 ஓம்.

ஹீட்டர் கம்பி 1500 வாட். அது இழுப்பது 6.5 ஆம்பியர். இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய 11 ஆம்பியர்! சுவரில் இருந்த சிறிய பிளக்கோ 6 ஆம்பியருக்கு உரியது.

“இரண்டு மடங்குகூட இல்லையே” என்று சிலர் நினைக்கலாம். அங்கேதான் ஆபத்து. இங்கிலாந்தில் பீர் ஆலை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜூல் 1841-ல் இதைச் சோதித்துச் சொன்னார். ஒரு கம்பியில் மின்சாரம் இரண்டு மடங்கானால், சூடு நான்கு மடங்காகும்! 6 ஆம்பியர் ஓட வேண்டிய இடத்தில் 11 ஓடினால், சூடு மூன்று மடங்குக்கும் மேல். பிளக்கின் பித்தளை தளர்ந்திருந்தால் அந்த இடத்தில் தடையும் கூடும். கருகும் வாடை அங்கிருந்துதான் வருகிறது.

பியூஸ் கட்டையில் மெல்லிய கம்பி வைப்பதும் இதற்காகவே. சுவருக்குள் இருக்கும் ஒயர் கருகுமுன் அது உருகிவிட வேண்டும். “அடிக்கடி போகிறதே” என்று தடித்த கம்பியைச் சுற்றிவிடும் கெட்டிக்காரர்கள் உண்டு. அப்புறம் உருகுவது பியூஸ் அல்ல, ஒயர்!

வோல்ட் குறைந்தால்?

மாலையில் வோல்ட் 180-க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்டியின் தடை அதே 53 ஓம்தான். 180-ஐ 53-ஆல் வகுத்தால் 3.4 ஆம்பியர். அதை 180-ஆல் பெருக்கினால் சுமார் 610 வாட். வோல்ட் குறைந்தது கால் பங்குக்கும் கீழே. சூடு குறைந்ததோ ஐந்தில் இரண்டு பங்கு! கசங்கிய வேட்டி மடிப்பு நிமிராமல் அடம் பிடிப்பது இதனால்தான்.

மின்விசிறி, தண்ணீர் மோட்டார் போன்றவற்றுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அவற்றில் காந்தச் சுருள் உண்டு. பழைய குண்டு பல்பும் சற்று வேடிக்கையானது. 60 வாட் பல்பு எரியும்போது அதன் தடை சுமார் 880 ஓம். அணைந்து ஆறிக் கிடக்கும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான்! அதனால் சுவிட்சைப் போட்ட அந்தக் கணத்தில் மின்சாரம் பல மடங்கு பாயும். நேற்று வரை நன்றாக எரிந்த பல்பு, சுவிட்சைத் தட்டியதும் பளீரென்று மின்னிப் போய்விடுவது பெரும்பாலும் இப்படித்தான்.