விரல் ரேகையும் குழந்தையின் வித்தையும்

குழந்தையின் பத்து விரல்களையும் ஸ்கேனர் கண்ணாடியில் ஒற்றியெடுத்து, அது கணிதத்தில் தேறுமா, சங்கீதத்தில் சோபிக்குமா, கண்ணால் கற்குமா, காதால் கற்குமா என்றெல்லாம் வர்ணப் படங்களோடு அறிக்கை தரும் ‘டி.எம்.ஐ.டி.’ (ரேகைவழிப் பன்முக நுண்ணறிவுப் பரிசோதனை) என்னும் சோதனை, பெற்றோரின் நியாயமான கவலையைப் பற்றிக்கொண்டு கோயம்புத்தூரிலும் பரவி வந்திருக்கிறது. ஒவ்வொரு விரலும் மூளையின் ஒரு பாகத்துக்குப் பிரதிநிதி என்றும், ரேகைகளின் எண்ணிக்கையே அப்பாகத்தின் சக்திக்கு அளவு என்றும் அது சொல்கிறது.

ரேகை உண்டாகும் விதமோ வேறு. கருவில் ஏழாம் வாரமளவில் விரல் நுனிகளில் சிறு சதைமேடுகள் எழுகின்றன. பத்தாம் வாரத்துக்குப்பின் அவை அடங்கத் தொடங்கும் சமயத்தில், மேட்டின் நடுவிலிருந்தும் நகத்தடியிலிருந்தும் விரல் மடிப்பிலிருந்தும் வரிகள் அலையலையாகப் பரவி ஒன்றையொன்று சந்திக்கின்றன என்று எடின்பரோ சர்வகலாசாலையின் ஆராய்ச்சியாளர் 2023-இல் விளக்கினார்கள். மேடு உயர்ந்து நின்றால் சுழி; ஒருபுறம் சாய்ந்தால் வளையம்; தாழ்ந்திருந்தால் வில். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கும் ரேகை வேறுபடுவது, கர்ப்பப்பையில் நேரும் இத்தகைய நுண்ணிய மாறுதல்களால்தான். தோலின் மேற்பகுதியும் மூளையும் கருவின் ஒரே படலத்திலிருந்து பிறந்தவை என்று இப்பரிசோதனையை நடத்துவோர் ஆதாரம் காட்டுகிறார்கள். அது மெய்யே, ஆயினும் மயிரும் நகமும் பல்லின் எனாமலும் அப்படலத்திலிருந்தே வந்தவை.

ரேகை ஆராய்ச்சியாளர் ஹெரால்ட் கம்மின்ஸ் 1936-இல் டவுன் குறைபாடுள்ள குழந்தைகளின் கைரேகையில் தனித்த அடையாளங்களைக் கண்டது உண்மை. குரோமோசோமிலேயே நேர்ந்த அந்த மாறுதலை வைத்து, ஆரோக்கியமான குழந்தையின் அபிருசியை அளக்க இடமில்லை. ரேகை சாஸ்திரத்துக்கு அஸ்திவாரமிட்ட பிரான்சிஸ் கால்டனே, புத்திக்கும் ரேகைக்கும் சம்பந்தம் கிட்டுமென்ற ஆவலோடு மாணவர், வயல்வேலைக்காரர், மனவளர்ச்சி குன்றியோர் என்று பல தரத்தாரின் ரேகைகளை ஒப்பிட்டு, வேற்றுமை ஏதும் காணாமல் 1892-இல் வெளிவந்த தம் நூலில் அதை ஒளிக்காமல் எழுதினார். இப்பரிசோதனை தன் பெயரில் தாங்கும் ‘பன்முக நுண்ணறிவு’க் கொள்கையை 1983-இல் வகுத்த ஹோவர்ட் கார்ட்னரும் இதை ஏற்கவில்லை, இந்திய மனநல மருத்துவர் சங்கமும் இதற்கு விஞ்ஞான ஆதாரமில்லை என்று அறிவித்துள்ளது. கண்ணால் கற்பவர், காதால் கற்பவர் என்று பிரித்துக் கற்பிப்பதால் கல்வி மேம்படுகிறதென்பதற்குப் போதிய சான்றில்லை என்று ஹெரால்ட் பாஷ்லர் முதலிய உளவியலார் 2008-இலேயே தெளிவுபடுத்திவிட்டார்கள்.

திறமையை வெளிக்கொணர்வது ரேகையல்ல, அனுபவமே. இந்தக் கொங்கு மண்ணில், பள்ளிப் படிப்பில் ஊன்றாத கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு, ஒரு மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, அதை வாங்குவதற்காகவே ஹோட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து, வாங்கியதைக் கழற்றிப் பூட்டித் தம் கைத்திறனை அறிந்துகொண்டார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். குழந்தைக்கு அத்தகைய பிரத்தியட்ச சந்தர்ப்பங்களைத் தருவதற்குச் செலவிட வேண்டிய பணத்தை, தறி ஓட்டிப் பிழைக்கும் ஒரு தகப்பன் இந்த அறிக்கைக்குக் கொடுப்பது என் மனத்தை வருத்துகிறது. அதனினும் பெரிய நஷ்டம் ஒன்றுண்டு: எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் குழந்தையை, ‘இது செவியால் கற்கும் பிள்ளை’ என்ற அறிக்கையை நம்பி வீட்டில் இருத்திவிட்டால், டிஸ்லெக்ஸியா என்னும் வாசிப்புக் குறைபாட்டைக் கண்டறிந்து பயிற்சி தொடங்குவதற்கு ஏற்ற ஆரம்ப வருஷங்கள் கழிந்துபோகும். அந்தப் பிள்ளையை ஆசிரியரோடு கலந்துபேசி மாவட்ட அரசு மருத்துவமனையின் ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அழைத்துச் செல்லலாம்; அங்கே பரிசோதனைக்குக் கட்டணம் கிடையாது.