சக்கரத்தின் அளவு

தாம்பரத்திலிருந்து தெற்கே ஜி.எஸ்.டி. சாலையில் பிரயாணம் செய்பவர்கள், பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி ஆகிய ஊர்களைக் கடந்து காட்டாங்குளத்தூரை நெருங்கும்போது, மோட்டார் வாகனத் தொழிலின் பல பருவங்களையும் சில மைல் தூரத்துக்குள்ளேயே கண்டுவிடலாம். பொத்தேரியில் எஸ்.ஆர்.எம். கல்வி நிறுவனத்தின் மாணவர்கள் தம் கையாலேயே பந்தயக் கார் கட்டிப் பழகுகிறார்கள். அடுத்து வரும் மறைமலைநகரில், ஐக்கான் முதல் ஈகோஸ்போர்ட் வரை எத்தனையோ கார்களைச் செய்து உள்நாட்டுக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்பிய ஃபோர்டு தொழிற்சாலை, 2022இல் கார் உற்பத்தியை நிறுத்தியது. இவற்றுக்கிடையே சாலையோரத்தில் டயர்க் கடைகளும் அலாய் வீல் கடைகளும். அக்கடைகளின் வாசலில், புதிதாகக் கார் வாங்கிய வாலிபர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, பதினாறைக் கழட்டிட்டு பதினேழு போட்டா வண்டி நல்லா போகுமா?"

இதற்கு விடை கூறுமுன் டயரின் பக்கச் சுவரில் பொறித்திருக்கும் எண்களின் தாத்பரியத்தை அறிந்துகொள்வது அவசியம். 205/60 R16 92H என்றிருந்தால், டயரின் அகலம் 205 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 60 சதவீதம், அதாவது 123 மில்லிமீட்டர். R என்பது ரேடியல் கட்டமைப்பு. 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். இறுதியில் நிற்கும் 92, அந்த ஒரு டயர் 630 கிலோ வரை தாங்கும் என்பதையும், H என்ற எழுத்து மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் வரை அது ஈடுகொடுக்கும் என்பதையும் தெரிவிக்கின்றன. ரிம்மின் விட்டத்தோடு இரு பக்கச் சுவர்களையும் கூட்டினால் சக்கரத்தின் முழு விட்டம், 652 மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலாக, கிடைத்துவிடும்.

மறைமலைநகரில் பிறந்த ஈகோஸ்போர்ட்டே இந்தக் கணக்குக்கு நல்ல உதாரணம். 2013இல் வெளிவந்த அந்தக் காரின் சாதாரண ரகங்கள் 195/65 R15 டயரிலும், உயர்ந்த ரகங்கள் 205/60 R16 டயரிலும் ஓடின. 2017இன் இறுதியில் புதுப்பொலிவுடன் வந்தபோது உச்ச ரகத்துக்கு 205/50 R17 கொடுக்கப்பட்டது. பதினேழு என்றதும் சக்கரம் வளர்ந்துவிட்டதாகத் தோன்றும். கணக்கிட்டுப் பார்த்தால் அதன் முழு விட்டம் 637 மில்லிமீட்டர்தான். ரிம் ஓர் அங்குலம் பெருத்தது; பக்கச் சுவரோ அதைவிட அதிகமாகச் சுருங்கிவிட்டது. பதினாறு அங்குல ரகத்தை வைத்திருக்கும் ஒருவர் அந்தப் பதினேழை வாங்கி மாட்டினால், வண்டி தரையை நோக்கி ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் இறங்கும். ஸ்பீடோமீட்டர் முள் 100 காட்டும்போது, முன்பு 100 சரியாக இருந்திருந்தால், இப்போது உண்மை வேகம் 97.6 ஆகவே இருக்கும். ஓடாத கிலோமீட்டரும் மீட்டரில் ஏறும். பழைய விட்டத்தை ஒட்டி நிற்க வேண்டுமானால் 215/50 R17 போன்ற அளவை நாட வேண்டும். அதில் வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. முழு விட்டம் மூன்று சதவீதத்துக்கு மேல் மாறக்கூடாது என்பது தொழிலில் உள்ளவர்கள் பொதுவாகக் கைக்கொள்ளும் வரம்பு.

அப்படியானால் பெரிய ரிம் எதற்காக வந்தது? அதற்கு நியாயமான காரணங்கள் இரண்டு உண்டு. வேகமான காரை நிறுத்தப் பெரிய டிஸ்க் பிரேக் தேவை. அந்த டிஸ்க் ரிம்முக்குள்ளே அடங்கியாக வேண்டும். இரண்டாவது, வளைவில் திரும்பும்போது உயரமான பக்கச் சுவர் முதலில் நெளிந்து, பிறகே சாலையைப் பற்றுகிறது. தாழ்ந்த பக்கச் சுவர் அவ்வளவு நெளியாமையால் ஸ்டியரிங்கின் ஆணைக்கு வண்டி உடனே கீழ்ப்படிகிறது. ஆனால் அதே பக்கச் சுவர்தான் குழியின் அதிர்ச்சியை முதலில் வாங்கிக்கொள்ளும் மெத்தையுமாகும். மழைக்காலத்துக்குப் பிறகு சர்வீஸ் சாலைகளில் தோன்றும் குழிகளில், தாழ்ந்த டயர் பூட்டிய வண்டியொன்று வேகமாக இறங்குமானால், ரிம்மின் உதடு நெளிவதும், பக்கச் சுவரின் உள்நூல் அறுந்து வீங்குவதும் சாதாரணமாகிவிடும்.

பெருத்த ரிம்மின் மற்றொரு விலை, அதன் எடை. சக்கரத்தின் விளிம்பில் இருக்கும் ஒரு கிலோ, வண்டி வேகமெடுக்கும் தருணத்தில் ஏறக்குறைய இரண்டு கிலோவாகக் கணக்கில் வருகிறது. ஏனெனில் எஞ்சின் அதை முன்னே தள்ளுவதோடு சுழற்றவும் வேண்டியிருக்கிறது. முழு விட்டத்தை மாற்றாமல் ரிம்மை மட்டும் பெரிதாக்கினால், உலோகம் மையத்தை விட்டு விளிம்பை நோக்கி நகர்கிறது. அதனால் வேகமெடுப்பதும் பிரேக் பிடிப்பதும் சற்றே சோம்புகின்றன. ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை மிகுவதால், மேடுபள்ளத்தில் டயரைத் தரையோடு அழுத்தி வைக்கும் ஷாக் அப்சார்பரின் வேலையும் கடினமாகிறது.

இந்த உண்மையை நன்கு அறிந்தவர்கள், பந்தயக் கார் கட்டும் மாணவர்கள். உலகெங்கும் நடைபெறும் ஃபார்முலா ஸ்டூடண்ட் போட்டிகளில், சக்கரத்தின் விட்டம் 8 அங்குலத்துக்குக் குறையக்கூடாது என்பது விதி. அதற்கு மேல் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். கண்ணுக்குக் கம்பீரமாக இருக்கும் பெரிய சக்கரங்களுக்குத் தடையில்லாத இந்தப் போட்டியில், நெடுங்காலம் 13 அங்குல ரிம்களைப் பயன்படுத்திவந்த அணிகள் பல 10 அங்குலத்துக்கு இறங்கி வந்திருக்கின்றன. நெருங்கிய வளைவுகள் நிறைந்த பாதையில் உச்ச வேகத்துக்கு இடமே இல்லை. லேசான வண்டி விரைவில் திரும்பி விரைவில் வேகமெடுத்தால் போதும். அதற்காக அவர்கள் படும் சிரமமும் அற்பமன்று. பிரேக் டிஸ்க், கேலிப்பர், ஹப், சஸ்பென்ஷன் மூட்டுகள் யாவற்றையும் அந்தச் சிறிய கிண்ணத்துக்குள் அடக்க வேண்டும். ஃபார்முலா ஒன் கார்களும் 2021 வரை 13 அங்குல ரிம்களிலேயே ஓடின; 2022இல் 18க்கு மாறியபோது சக்கரங்களின் எடை கூடியதே தவிரக் குறையவில்லை.

அகலத்தைப் பற்றியும் ஒரு தவறான அபிப்பிராயம் உலவுகிறது. 1,200 கிலோ எடையுள்ள காரின் ஒவ்வொரு டயரும் சுமார் 300 கிலோவைத் தாங்குகிறது. காற்றழுத்தம் 32 பி.எஸ்.ஐ. ஆக இருந்தால், டயர் தரையைத் தொடும் இடத்தின் விஸ்தீரணம் ஏறத்தாழ 130 சதுர சென்டிமீட்டர், அதாவது ஓர் உள்ளங்கையளவு. எடையும் அழுத்தமும் மாறாதிருக்க டயரை மட்டும் அகலமாக்கினால், இந்த விஸ்தீரணம் பெரிதாக வளர்வதில்லை. வடிவம்தான் குறுக்கே நீண்டு நெடுக்கே குறுகுகிறது. வளைவில் அது அனுகூலம். வடகிழக்குப் பருவமழையில் தேங்கிய நீரின்மேல் செல்லும்போது பிரதிகூலம். அகன்ற டயர் அதிக நீரைப் பக்கவாட்டில் தள்ள வேண்டியிருப்பதால், தரையை விட்டு எழுந்து நீரின்மேல் மிதக்கும் அபாயம் சீக்கிரமே நேர்கிறது. ஆகவே மழைநீர் தேங்கும் தாழ்ந்த பகுதிகளில் வசிப்பவர்களுக்கு, டயரின் அகலத்தைவிட அதன் பள்ளங்களின் ஆழமே பெரிய பாதுகாப்பு. கார்களுக்குச் சட்டம் அனுமதிக்கும் குறைந்தபட்ச ஆழம் 1.6 மில்லிமீட்டர் என்றாலும், அந்த எல்லை வரை காத்திருப்பது விவேகமாகாது.

விட்டமும் அகலமும் பொருந்தினாலும் ரிம் பொருந்திவிடும் என்பதில்லை. போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டத்தைக் கடைக்காரர்கள் பி.சி.டி. என்பார்கள்; ஃபோர்டின் சிறிய கார்களில் அது 108 மில்லிமீட்டர், வேறு பல சிறிய கார்களில் 100. இரண்டும் நான்கு போல்ட்தானே என்று திணித்து இறுக்குவது உயிரோடு விளையாடுவதாகும். ஆஃப்செட் என்பது ரிம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே நிற்கிறது என்பதைக் குறிக்கும். வெளியே தள்ளி நின்றால் வீல் பேரிங் வீணே வருந்தும். அனுபவமுள்ள மெக்கானிக் புதிய சக்கரத்தைப் பூட்டியதும் காசுக்குக் கை நீட்டுவதில்லை. ஸ்டியரிங்கை இரு கடைசிவரையும் ஒடித்துப் பார்த்து, பின் சீட்டில் இருவரை உட்காரவைத்து, ஃபெண்டருக்குள் விரலை நுழைத்து இடைவெளியைத் தடவிப் பார்த்த பிறகு, "தம்பி, ஃபுல் லோடுல உரசும், இது வேணாம்" என்று சொல்லக்கூடியவரே நம்பத்தக்கவர்.

சட்டத்தையும் மறந்துவிடலாகாது. தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக, பதிவுச் சான்றிதழின் விவரங்கள் வேறுபடும்படி வாகனத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. எனவே அதே காரின் வேறொரு ரகத்துக்குத் தயாரிப்பாளரே அங்கீகரித்த அளவு எதுவோ, அதற்குள் நிற்பதே உத்தமம். சுமை எண்ணும் வேக எழுத்தும் பழைய டயரைவிடக் குறையக்கூடாது.

கையில் இருக்கும் பணத்தை எதில் முதலில் செலவிடுவது என்பதே இனி எஞ்சும் கேள்வி. வண்டியின் வேகமும் பிடிப்பும் முதலில் ரப்பரின் தரத்தைப் பொறுத்தவை; ஆகையால் இருக்கும் அளவிலேயே, தயாரித்த வாரத்தையும் வருடத்தையும் காட்டும் நான்கு இலக்கங்களைப் பார்த்து வாங்கிய நல்ல புதிய டயர் முதலாவது. சரியான காற்றழுத்தமும் வீல் அலைன்மென்டும் பேலன்சிங்கும் இரண்டாவது. எடை குறைந்த ரிம் மூன்றாவது. விட்டத்தைக் கூட்டுவது இவை யாவற்றுக்கும் பின்னர், அதுவும் பெரிய பிரேக்குக்கு இடம் வேண்டியிருந்தால் மாத்திரம். அழகுக்காகவே பெரிய சக்கரம் வேண்டுமென்பவர் அதைத் தாராளமாகப் பூட்டிக்கொள்ளட்டும். அழகுக்கு விலை கொடுப்பது குற்றமன்று. அதை வேகம் என்று எண்ணி வாங்குபவர்தான் கணக்கில் ஏமாறுகிறார்.