பேசினால் குறையும் கட்டணம்

சந்தா முடிய நான்கைந்து நாள் இருக்கும்போதே செல்பேசியில் குறுஞ்செய்தி வந்துவிடுகிறது: இணைப்பு துண்டிக்கப்படாமல் இருக்க உடனே பணம் கட்டுங்கள். கூடவே ஒரு தொகை. மின்கட்டணத்தைப் போல அதையும் மறுபேச்சில்லாமல் கட்டிவிடுவதுதான் பெரும்பாலான வீடுகளின் வழக்கம். அதே கம்பெனியின் ஆட்கள் தெருமுனையில் குடை விரித்து, மேஜை போட்டு, புதிதாகச் சேருபவர்களுக்கு இணைப்புக் கட்டணம் கிடையாது, முதல் மாதம் இலவசம் என்று துண்டுப் பிரசுரம் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். மூன்று வருடமாகத் தவறாமல் பணம் கட்டும் வாடிக்கையாளர் அந்தக் குடையைக் கடந்துதான் காய்கறி வாங்கப் போகிறார்.

வீட்டு பிராட்பேண்ட் தொழிலில் விசுவாசத்துக்கு விலை உண்டு. அதைக் கொடுப்பவர் விசுவாசிதான்.

சந்தை வேகமாக மாறியதே இதற்கு முதல் காரணம். 2019 செப்டம்பரில் ஜியோ தனது ஃபைபர் சேவையைத் தொடங்கியபோது ஆரம்பத் திட்டம் மாதம் 699 ரூபாய். ஒரே வருடத்தில், 2020 செப்டம்பர் முதல் 30 எம்.பி.பி.எஸ். வேகத்துக்கு 399 ரூபாய் என்று அறிவித்தது. சில நாட்களில் ஏர்டெல் 499 ரூபாய்த் திட்டத்தோடு களத்தில் இறங்கியது. கம்பி வழி பிராட்பேண்ட் இணைப்புகள் 2024இல் 4 கோடியைத் தாண்டின. பிராட்பேண்ட் கட்டணத்தை நிர்ணயிக்கும் பொறுப்பைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், கம்பெனிகளிடமே விட்டிருக்கிறது. விலை இறங்கினால் பழைய திட்டத்தில் இருப்பவருக்கும் அது தானாக வந்து சேரும் என்று எண்ணுவது வீண். கேட்டால்தான் உண்டு.

கேட்பவருக்கு ஒரு விலை, கேட்காதவருக்கு ஒரு விலை என்ற இந்த வழக்கம் உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கிறது. வேறு கம்பெனிக்கு மாறக்கூடிய செல்பேசி வாடிக்கையாளர்களைப் பிடித்துவைக்க அவர்களுக்கு மட்டும் தனிச் சலுகை தரப்படுவதைப் பற்றி 2018இல் டிராய் விவரம் கேட்டது. ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் மறுத்தன. அந்த வருடம் டிசம்பரில் தொலைத்தொடர்புத் தீர்ப்பாயம் கம்பெனிகள் பக்கம் நின்றது. டிராய் மேல்முறையீட்டுக்குப் போக, 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விவரங்களை டிராயிடம் கொடுக்கத்தான் வேண்டும், டிராய் அவற்றை ரகசியமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆக, சலுகை இருப்பது ஊரறிந்த விஷயமாயிற்று. யாருக்கு எவ்வளவு என்பது மட்டும் ரகசியமாகவே இருக்கிறது. வழக்கு செல்பேசியைப் பற்றியது என்றாலும் வியாபாரத் தந்திரம் வீட்டு இணைப்புக்கும் அதேதான்.

பிரிட்டனில் இந்தச் சிக்கலுக்கு அரசு அமைப்புகள் நேரடியாகவே கைவைத்தன. அங்கே 18 அல்லது 24 மாத ஒப்பந்தம் சகஜம். காலம் முடிந்ததும் கட்டணம் எகிறும். பேசாமல் இருக்கும் வாடிக்கையாளர்கள் செல்பேசி, பிராட்பேண்ட், வீட்டுக் காப்பீடு உள்ளிட்ட ஐந்து துறைகளில் வருடத்துக்கு 410 கோடி பவுண்டு கூடுதலாகக் கட்டுவதாக சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு 2018இல் புகார் செய்தது. 2020 பிப்ரவரியிலிருந்து, ஒப்பந்தம் முடிவதற்கு 10 முதல் 40 நாட்களுக்கு முன்பே கம்பெனி கடிதமோ செய்தியோ அனுப்பி, தன்னுடைய மிகச் சிறந்த விலை எது என்பதையும் சொல்லியாக வேண்டும் என்பது அங்கே விதி. இங்கே வரும் குறுஞ்செய்தியில் பழைய தொகைதான் இருக்கும்.

ஆனால் இந்திய வாடிக்கையாளருக்கு ஒரு வசதி உண்டு. இங்கே பெரும்பாலான இணைப்புகள் முன்பணம் கட்டிப் பெறுபவை. காலம் முடிந்த அன்று விலகினால் அபராதம் இல்லை. கட்டிப்போடுவது மொத்தமாகக் கட்டிய வருடச் சந்தாதான். எனவே பேரத்துக்கு நேரம் அந்தச் சந்தா முடிவதற்கு முந்தைய இரண்டு வாரம். பணம் கட்டிவிட்டுப் பேரம் பேசுவது சாப்பிட்ட பிறகு விலை கேட்பதைப் போன்றது. வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாடு இருந்தால் முதலில் அதை நிறுத்த வேண்டும்.

அடுத்து கொஞ்சம் கணக்கு. மாதம் 999 ரூபாய்த் திட்டத்துக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 1,178 ரூபாய் 82 காசு. பன்னிரண்டு மாதம் மொத்தமாகக் கட்டினால் ஒரு மாதம் கூடுதல் என்ற சலுகையை ஏற்றால் 13 மாதத்துக்கு 14,146 ரூபாய், மாதத்துக்கு 1,088. மிச்சம் சுமார் 90 ரூபாய். அதே வீடு 699 ரூபாய்த் திட்டத்துக்கு இறங்கினால் வரியோடு 825 ரூபாய்தான். மாதம் 354 ரூபாய் மிச்சம். உயர்ந்த தரத்தில் ஒரு படம் பார்க்க 25 எம்.பி.பி.எஸ். போதும். மூன்று பேர் உள்ள வீட்டில் 300 எம்.பி.பி.எஸ். வாங்கி வைத்திருப்பது தினமும் பந்திச் சாப்பாடு சமைப்பது மாதிரி. யாரும் பார்க்காத ஓ.டி.டி. சேனல்கள் கட்டணத்தில் ஒளிந்திருக்கின்றனவா என்பதையும் பார்த்துவிடுவது நல்லது.

போட்டிக் கம்பெனியின் விலையை, வரி சேர்த்து, கையில் வைத்துக்கொண்டு பேசினால்தான் பேச்சுக்கு எடை. 'கட்டணத்தைக் குறையுங்கள்' என்றால் சாதாரண ஊழியர் அதற்கு வழியில்லை என்று முடித்துவிடுவார். 'இணைப்பை விலக்கிக்கொள்ள வேண்டும்' என்று பதிவு செய்தால் போகிறவர்களைத் தடுத்து நிறுத்துவதையே வேலையாகக் கொண்டவர்களிடமிருந்து அழைப்பு வர வாய்ப்பு உண்டு. அவர்கள் பெரும்பாலும் அச்சடித்த விலையைத் தொடமாட்டார்கள். கூடுதல் மாதம், அதே விலைக்கு அதிக வேகம், புது ரூட்டர் என்று தருவார்கள். எது தந்தாலும் அதைக் குறுஞ்செய்தியிலோ மின்னஞ்சலிலோ வாங்கிக்கொண்டு பிறகுதான் பணம். வாய்வார்த்தைச் சலுகைகள் அடுத்த பில்லில் காணாமல் போவது வழக்கம்.

சிறு நகரங்களில் பேரம் தொலைபேசியில் நடப்பதில்லை. பல கம்பெனிகளின் இணைப்பை வீட்டுக்குக் கொண்டுவருபவர் உள்ளூர் கேபிள்காரர்தான். கம்பெனி விலையை அவரால் மாற்ற முடியாது. ஆனால் கேபிள் இழுக்கும் கூலி, ரூட்டர் போன்றவை அவர் கையில். வாடிக்கை போனால் நஷ்டமும் அவருக்குத்தான்.

பேரமே எடுபடாத இடம், ஒரே கம்பெனியின் கேபிள் மட்டும் நுழைந்திருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பு. 2023இல் ஏர்டெல்லும் ஜியோவும் 5ஜி அலைவரிசை மூலம் தரத் தொடங்கிய ஏர்ஃபைபர் இங்கே ஒரு வாசலைத் திறந்திருக்கிறது. தெருவிலிருந்து கேபிள் இழுக்க வேண்டியதில்லை. ஆனால் மொட்டை மாடியில் கருவி பொருத்தச் சங்கச் செயலாளர் சம்மதிக்க வேண்டும். அது தனிப் பேரம்.

இவ்வளவும் செய்து, கடைசியில் மாறவே வேண்டியிருந்தால்? செல்பேசி எண்ணை எடுத்துக்கொண்டு கம்பெனி மாறும் வசதி 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுவதும் உண்டு. லேண்ட்லைன் எண்ணுக்கு அந்த வசதி இல்லை. இருபது வருட எண் போய்விடுமே என்று பழைய இணைப்பை விடாமல் வைத்திருக்கும் முதியவர்கள் ஏராளம். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் புது இணைப்பு ஒழுங்காக ஓடுகிறதா என்று ஒரு வாரம் பார்த்துவிட்டுப் பழையதை விடுவது உத்தமம்.

தகராறு வந்தால் தனிநபர் புகார்களை டிராய் விசாரிப்பதில்லை. முதலில் கம்பெனியின் புகார் மையம், அங்கே தீராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரி. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும் அழைக்கலாம். தொலைத்தொடர்புச் சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் நீதிமன்றத்தை நாடலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. அங்கே எடுபடுவது காகிதம்தான். இணைப்பை விடும் நாளில் ரூட்டரையும் அடாப்டரையும் எடுத்துப்போக வரும் ஊழியரிடம், சாதனத்தின் வரிசை எண்ணோடு கையெழுத்திட்ட ரசீது வாங்காமல் கதவைச் சாத்தக் கூடாது. முன்பணம் திரும்பி வருவது பல நேரம் அந்த ரசீதைப் பொறுத்தது.