மணவிலக்கு வழக்கும் வழக்கறிஞர் தேர்வும்: குமரிக் கடற்கரைக் கிறித்தவர்களின் சட்டநிலை

கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்தைச் சேர்ந்த இனயமும் அதை ஒட்டிய கடற்கரை ஊர்களும் பெரும்பாலும் கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் வாழும் ஊர்கள் ஆதலால், அங்கு ஒரு மண உறவு முறிந்து நீதிமன்றப் படியேறும்போது, தொலைக்காட்சித் தொடர்களும் செய்தித்தாள்களும் பழக்கப்படுத்தியிருக்கும் 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் அந்த வழக்குக்குப் பொருந்துவதில்லை. கணவன் மனைவியரில் ஒருவரேனும் கிறித்தவராக இருந்து தொடுக்கும் இத்தகைய வழக்குகளுக்கு உரியது 1869ஆம் ஆண்டின் மணவிலக்குச் சட்டம். மனுதாரர் எதை மெய்ப்பிக்க வேண்டும், எத்தனை ஆண்டு பிரிந்திருக்க வேண்டும், எந்த ஊர் நீதிமன்றத்தை அணுக வேண்டும் என்பனவற்றுக்கு இந்தச் சட்டம் தரும் விடைகள் பல இடங்களில் வேறானவை. ஆகவே வழக்கறிஞரைத் தேடுபவர், அவர் பெரிய வக்கீலா என்று விசாரிப்பதற்கு முன், இந்தச் சட்டத்தின்கீழ் வழக்கு நடத்திப் பழகியவரா என்று விசாரிப்பதே முறை. குறிப்பிட்ட வகை வழக்குகளில் தனித்திறன் உடையவர் என்று வழக்கறிஞர்கள் தம் பெயர்ப்பலகையில் எழுதிக்கொள்ள இந்திய வழக்கறிஞர் மன்ற விதிகள் இடந்தருவதில்லை என்பதால், பலகையைப் பார்த்து இதை அறிய முடியாது. வாய்விட்டுக் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும்.

மணவிலக்குச் சட்டம் நெடுங்காலம் பெண்களுக்குக் கொடியதாகவே இருந்தது. கணவன் மனைவியின் பிறன்மனை உறவை மட்டும் மெய்ப்பித்தால் போதும் என்றிருந்த அதே சட்டத்தில், மனைவி கணவனின் பிறன்மனை உறவோடு கொடுமையையோ கைவிடலையோ சேர்த்து மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. அவ்வளவும் செய்து மாவட்ட நீதிமன்றத்தில் பெற்ற தீர்ப்பும் உயர் நீதிமன்றத்தில் உறுதி செய்யப்பட்ட பின்னரே முழுமை பெற்றது. இந்தப் பாகுபாட்டைக் கேரள உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 1995இல் செல்லாதென அறிவித்தது. நாடாளுமன்றம் 2001இல் சட்டத்தைத் திருத்தியது. இப்போது கொடுமை, இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாத கைவிடல், பிறன்மனை உறவு, மதமாற்றம் முதலிய காரணங்களை இருபாலரும் தனித்தனியே காட்டி மணவிலக்குக் கோரலாம். ஏழு ஆண்டுகளாக உயிரோடிருப்பதாகத் தகவலே இல்லாமை என்பதும் அக்காரணங்களுள் ஒன்று. வேறு ஊர்களில் ஏட்டளவில் நின்றுவிடக்கூடிய இந்தப் பிரிவு, 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் கொண்டுபோன மீனவர்களை இன்றும் நினைத்திருக்கும் ஒரு கரையில் படிக்கப்படும்போது வேறு கனம் பெறுகிறது.

இருவரும் மனமொத்துப் பிரிவதற்கான 10அ பிரிவும் 2001இல்தான் சேர்க்கப்பட்டது. ஓராண்டு பிரிந்து வாழ்ந்தால் போதும் என்று இந்து திருமணச் சட்டம் கூறும்போது, இப்பிரிவு இரண்டு ஆண்டுகள் என்கிறது. மனு அளித்த பின்னரும் ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள் இருவரும் மீண்டும் வந்து தம் இசைவை உறுதிசெய்ய வேண்டும். இரண்டு ஆண்டுகள் என்பதை ஓராண்டு என்றே கொள்ள வேண்டும் எனக் கேரள உயர் நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. 2022 டிசம்பரில், அந்த ஓராண்டுக் காத்திருப்பும் அடிப்படை உரிமைக்கு முரணானது என்றது. 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதியாக இருந்து, இன்றும் கேரள எல்லையான களியக்காவிளையைத் தாண்டிப் பெண் கொடுத்து எடுக்கும் ஒரு பகுதியில் இத்தீர்ப்புகள் வாய்வழியே விரைவில் பரவுவது இயல்பு. ஆனால் நாகர்கோவில் நீதிமன்றம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையின் ஆளுகையில் உள்ளது. கேரளத் தீர்ப்பு அதனை எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தும் என்பது வாதத்துக்குரியது. அதை முதற்சந்திப்பிலேயே மறைக்காமல் சொல்லி, இரண்டு ஆண்டு நிறையும்வரை காத்திருப்பதா, முன்கூட்டியே மனு அளித்து வாதாடிப் பார்ப்பதா என்பதைக் கட்சிக்காரரின் முடிவுக்கு விடும் வழக்கறிஞர், ஆறே மாதத்தில் முடித்துத் தருவதாக வாக்களிப்பவரைவிட நம்பத்தக்கவர்.

கத்தோலிக்கரைப் பொறுத்தவரை இன்னொரு குழப்பமும் உண்டு. ஒரு திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாதது என்று திருச்சபையின் தீர்ப்பாயம் அறிவிக்கும் நடைமுறை, 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் செய்த மாற்றத்துக்குப்பின் எளிமையாகியுள்ளது. முன்பு கட்டாயமாக இருந்த இரண்டாவது உறுதித் தீர்ப்பு இப்போது தேவையில்லை. எனினும் அந்த அறிவிப்புக்கு நாட்டின் சட்டத்தில் மணவிலக்குக்குரிய வலிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 1996இல் மாலி ஜோசப் வழக்கில் கூறிவிட்டது. அதை மட்டும் நம்பி மறுமணம் செய்பவர் இருமணக் குற்றச்சாட்டுக்கு ஆளாகலாம். நீதிமன்றத் தீர்ப்பை மட்டும் கையில் வைத்திருப்பவருக்குக் கோவிலில் மறுமணம் நடக்காது. இரண்டு வாசல்களிலும் தனித்தனியே ஏறியிறங்க வேண்டும். பங்குத்தந்தையின் முன்னிலையிலோ ஊர் நிர்வாகத்தின் முன்னிலையிலோ பேசி முத்திரைத் தாளில் எழுதிக்கொள்ளும் பிரிவும் இவ்வாறே மண உறவைச் சட்டப்படி முடித்து வைப்பதில்லை. பிற்காலத்தில் ஒரு சான்றாக மட்டும் அது பயன்படக்கூடும்.

வழக்கைத் தொடுக்கும் இடமும் கவனிக்கத்தக்கது. திருமணம் நடந்த இடம், இருவரும் வாழும் இடம், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் ஆகியவற்றுள் ஒன்றின் நீதிமன்றத்தையே 1869ஆம் ஆண்டின் சட்டம் குறிப்பிடுகிறது. மனைவி தற்போது தனியே வசிக்கும் ஊர் என்ற சலுகை இந்து திருமணச் சட்டத்தில் 2003இல் சேர்க்கப்பட்டதுபோல் இதில் சேர்க்கப்படவில்லை. எனவே இனயம் கோவிலில் மணமுடித்துச் சென்னையிலோ துபாயிலோ குடும்பம் நடத்திய பெண், பங்கிலிருந்து பெறும் திருமணச் சான்றிதழின் துணையால் நாகர்கோவில் குடும்பநல நீதிமன்றத்தை அணுகலாம். அங்கே வழக்கறிஞர் வழியே வாதாடுவது எவருக்கும் உரிமையாகத் தரப்படவில்லை என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். 1984ஆம் ஆண்டின் குடும்பநல நீதிமன்றச் சட்டத்தின் 13ஆம் பிரிவு அவ்வாறுதான் கூறுகிறது. சண்டையை வளர்க்காமல் இணக்கத்துக்கு முயல வேண்டும் என்பது அச்சட்டத்தின் நோக்கம். நடைமுறையில் நீதிமன்றத்தின் அனுமதியோடு வழக்கறிஞர்கள் தோன்றுகிறார்கள் என்றாலும், ஆலோசகர் முன்பும் சமரசப் பேச்சிலும் பேச வேண்டியவர்கள் கணவனும் மனைவியும்தான்.

வழக்கறிஞரின் திறம் மிகுதியும் வெளிப்படுவது பணத்தைப் பற்றிய பகுதியில் எனலாம். வழக்கு நடக்கும் காலத்து வாழ்க்கைப்படி கணவனின் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்ற பழைய வரம்பு 2001இல் நீக்கப்பட்டது. இரு தரப்பும் தத்தம் சொத்து, கடன், வருமானம் ஆகியவற்றை உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும், ஜீவனாம்சம் மனு அளித்த நாளிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும் என்று ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் வகுத்தது. சம்பளச் சீட்டு வைத்திருப்பவருக்கு அப்பத்திரம் எளிது. கடலுக்குப் போய்வந்து பிடித்த மீனின் விலையில் டீசலும் ஐஸும் கழிந்தபின் பங்கு பிரித்துக்கொள்ளும் தொழிலாளியின் மாத வருமானம் எவ்வளவு? வள்ளத்தின் பதிவு யார் பெயரில் உள்ளது, இயந்திரத்தின் மீது கடன் எவ்வளவு, வளைகுடாவிலிருந்து யாருடைய வங்கிக் கணக்குக்குப் பணம் வருகிறது என்றெல்லாம் துருவிக் கேட்கும் வழக்கறிஞரால்தான் அந்தப் பத்திரத்தை உருப்படியாக எழுதவும், எதிர்த்தரப்பின் பத்திரத்தில் ஓட்டை காணவும் இயலும். திருமணத்தின்போது போட்ட நகை எத்தனை பவன் என்பதும் அப்படியே. கடை ரசீது, திருமணப் படங்கள், வங்கி அடகுச் சீட்டு ஆகியவை கிடைக்காதபோது பெண் வீட்டார் சொல்லும் எண்ணிக்கைக்கு எதிராக மாப்பிள்ளை வீட்டார் வேறோர் எண்ணிக்கையைச் சொல்வார்கள், அவ்வளவே.

வழக்கறிஞருக்குரிய கட்டணத்தில் இரண்டு செய்திகளை அறிந்திருத்தல் நலம். கிடைக்கும் தொகையில் இத்தனை விழுக்காடு என்று வழக்கறிஞர் பேசிக்கொள்வது இந்தியாவில் தொழில்விதிக்குப் புறம்பானது. 2017இல் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியுள்ளது. அடுத்து, 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு ஏதுமின்றி இலவச சட்ட உதவி உண்டு. நாகர்கோவிலில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் விண்ணப்பிக்கலாம், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். இலவசம் என்பதால் தரங்குறைந்தது என்று ஒதுக்கிவிட்டு, வட்டிக்கு வாங்கிக் கட்டணம் கட்டுவது தேவையற்ற சுமை.

குழந்தைகளின் பாதுகாப்பைப் பொறுத்தவரை, 1890ஆம் ஆண்டின் காப்பாளர்கள் மற்றும் காப்புக்குரியோர் சட்டமும் மணவிலக்குச் சட்டத்தின் 41 முதல் 44 வரையுள்ள பிரிவுகளும் பொருந்தும். இவற்றை எவ்வாறு படிக்க வேண்டும் என்பதை வகுத்த முதன்மைத் தீர்ப்பு, சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற ஒரு கிறித்தவத் தம்பதியின் வழக்கில் பிறந்தது என்பது கருதத்தக்கது. 1973இல் ரோசி ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றம், பிள்ளைகள் பெற்றோரின் உடைமைப் பொருள்களோ விளையாட்டுப் பொருள்களோ அல்லர் என்றும், தந்தையின் தகுதியையும் குழந்தையின் நலனுக்கு உட்பட்டே எடைபோட வேண்டும் என்றும் கூறியது. தகப்பன் ஆண்டில் பல மாதம் ஆழ்கடலிலோ வளைகுடாவிலோ இருக்கும் குடும்பங்களில், யாரிடம் பிள்ளை இருப்பது என்ற கேள்வி நடைமுறையில், தாத்தா பாட்டியருள் எந்த வீட்டில் வளர்வது என்ற கேள்வியாக மாறிவிடுகிறது. விடுமுறைக்கு வரும் நாள்களில் பிள்ளையைப் பார்ப்பதற்கும், தொலைவிலிருக்கும்போது காணொலியில் பேசுவதற்கும் திட்டவட்டமான ஏற்பாட்டை ஆணையிலேயே எழுதி வாங்காத வழக்கறிஞர், வென்றாலும் பாதி வேலையையே செய்தவராகிறார்.

ரோசி ஜேக்கப் வழக்கின் அதே தீர்ப்பு, குழந்தை பாதுகாப்பு ஆணைகள் அன்றைய சூழலைக் கொண்டு பிறப்பிக்கப்படுபவை, சூழல் மாறினால் மாற்றத்தக்கவை என்றும் தெளிவுபடுத்தியது. மூன்று வயதில் முடிவான வழக்கு பத்து வயதில் மீண்டும் திறக்கப்படலாம். அப்போது பழைய மனுக்களும் பத்திரங்களும் தேவைப்படும். கட்டணப் பாக்கியைக் காட்டிக் கட்சிக்காரரின் கோப்பை வழக்கறிஞர் பிடித்துவைத்துக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2000இல் ஆர்.டி.சக்சேனா வழக்கில் தீர்ப்பளித்துள்ளதால், பாக்கி இருப்பினும் வக்காலத்தை வேறொருவருக்கு மாற்றும் நாளிலேயே அந்தக் கோப்பை முழுமையாகத் திரும்பக் கேட்கலாம்.