உதவிப் பணத்தில் வாழ்பவருக்குக் கடன் அட்டை கிடைக்குமா?

காலபோக நெல் பழுத்துக்கொண்டிருந்த நாளொன்றில் எமது பணியகத்துக்கு ஒரு தாய் வந்திருந்தார். மூன்று இடங்களில் கொட்டில் போட்டு, கடைசியில் ஒரு குடியேற்றத் திட்டத்தில் அரை ஏக்கர் மேட்டுக் காணியோடு ஒதுங்கியவர். வழமையாக விதைநெல் பற்றியோ கிணறு பற்றியோ கேட்பவர். அன்று கேட்டது வேறு.

“தம்பியவை, என்ரை மூத்தவன் அமெரிக்காவிலை இருக்கிறான். ஸ்ரோரிலை சாமான் விழுந்து முள்ளந்தண்டு போட்டுது. இப்ப சக்கரக் கதிரையிலைதான். கவுண்மேந்து குடுக்கிற காசிலை சீவியம். ஏதோ பிளேன் ரிக்கற் எடுக்கிற கிறடிட் காட்டாம், அதை எடுத்து என்னைப் பாக்க வரப்போறன் எண்டு நிக்கிறான். நிவாரணத்திலை இருக்கிறவனுக்கு ஆர் கடன் குடுப்பான்? குடுத்தாலும் எப்பிடிக் கட்டுவான்?”

அந்தத் தாய் கேட்டவை இரண்டு கேள்விகள். இரண்டையும் அங்குள்ள சட்டங்களோடு வைத்துப் பார்த்தோம். வெளிநாட்டில் உறவினர் உள்ள வேறு குடும்பங்களுக்கும் இது பயன்படலாம் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

முதற் கேள்விக்கான விடை எமக்கே வியப்பாக இருந்தது. கடன் கிடைக்கும். அமெரிக்காவில் 1974 இல் சம கடன் வாய்ப்புச் சட்டம் என்று ஒன்று வந்தது. பெண் என்பதற்காகவோ, மணமானவர் அல்லது ஆகாதவர் என்பதற்காகவோ கடன் மறுக்கக் கூடாது என்பதே அதன் தொடக்கம். 1976 இல் அதனைத் திருத்தியபோது இனம், நிறம், மதம், வயது என்பவற்றோடு இன்னொன்றையும் சேர்த்தார்கள்: ஒருவருடைய வருமானம் அரச உதவியிலிருந்து வருகிறது என்பதற்காக அவருக்குக் கடன் மறுக்கக் கூடாது. எவ்வளவு வருகிறது, தொடர்ந்து வருமா என்று வங்கி பார்க்கலாம். எங்கிருந்து வருகிறது என்பதைக் காட்டித் தள்ள முடியாது. மறுத்தால் முப்பது நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். காரணம் கேட்டால் எழுத்தில் சொல்லவும் வேண்டும். ஆகவே விண்ணப்பத்தில் வருமானம் என்ற இடத்தில் இயலாமைக் கொடுப்பனவை எழுதுவதில் பொய்யும் இல்லை, வெட்கமும் இல்லை.

நிவாரண அட்டையோடு வரிசையில் நின்ற எம்மவரில் எத்தனை பேர், அந்த அட்டையை வருமானம் என்று சொல்லி ஒரு வங்கிப் படியேறியிருப்போம்? மறுத்தார்கள் என்பதை விட, கேட்கவே துணியவில்லை என்பதுதான் உண்மை.

இரண்டாவது கேள்வி கடினமானது. அதற்கு விடை சொல்வதற்கு முன், மகன் வாங்குவது எந்தக் கொடுப்பனவு என்று தெரிய வேண்டியிருந்தது. ஏனெனில் அங்கே இரண்டு உண்டு. ஒன்று எஸ்.எஸ்.டி.ஐ. எனப்படுவது. வேலை செய்த காலத்தில் சம்பளத்திலிருந்து வரி கட்டிச் சேர்த்த காப்புறுதி போன்றது. அதை வாங்குபவர் கையில் எவ்வளவு பணம் வைத்திருந்தாலும் கேள்வி இல்லை. அமெரிக்கப் பிரசை என்றால் பெரும்பாலான நாடுகளில் இருந்துகொண்டும் வாங்கலாம். மற்றது எஸ்.எஸ்.ஐ. போதிய காலம் வரி கட்டாத ஏழைகளுக்கானது. 2026 இல் தனியொருவருக்கு மத்திய அரசு கொடுக்கும் உச்சத் தொகை மாதம் 994 டொலர். எம் ரூபாய்க் கணக்கில் இது பெரிய பணமாகத் தெரியும். அங்கே வீட்டு வாடகையைக் கொடுத்துவிட்டுப் பார்த்தால் அப்படித் தெரியாது.

தாய் மகனிடம் தொலைபேசியில் கேட்டுச் சொன்னார். பல வருடம் கையிற் காசு வாங்கிக் கடைகளில் வேலை செய்தவர். வரிக் கணக்கு போதவில்லை. எஸ்.எஸ்.ஐ. தான்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. எஸ்.எஸ்.ஐ. வாங்கும் தனியொருவர் 2,000 டொலருக்கு மேல் சேமித்து வைத்திருக்கக் கூடாது; கணவன் மனைவி என்றால் 3,000. குடியிருக்கும் வீடும் ஒரு வாகனமும் கணக்கில் சேராது. இந்த 2,000 என்ற எல்லை 1989 இல் வைக்கப்பட்டது. அதன் பிறகு உயர்த்தப்படவே இல்லை. ஏழைக்கு உதவி, ஆனால் ஏழையாகவே இருக்க வேண்டும் என்பது போன்ற விதி. விமானச் சீட்டுக்கும் வழிச் செலவுக்கும் வீட்டுக்குக் கொண்டுவரும் சாமானுக்கும் சேமிக்கப் போனால் எல்லையைத் தாண்டிக் கொடுப்பனவு நின்றுவிடும். எனவே கடன் அட்டை என்ற எண்ணம் அந்த மகனுக்கு வந்ததில் குற்றம் காண முடியாது. சேமிக்க விடாத இடத்தில் மனிதன் கடனைத்தான் தேடுவான்.

கடனாக வாங்கிய பணம் எஸ்.எஸ்.ஐ. கணக்கில் வருமானம் ஆகாது. ஆனால் அட்டையில் காசாக எடுத்து அடுத்த மாதத்துக்கும் வைத்திருந்தால், அது சேமிப்பாகக் கணக்கிடப்படும். சீட்டை நேரே அட்டையில் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

சரி, பயண அட்டை என்பது என்ன? செலவழிக்கும் ஒவ்வொரு டொலருக்கும் புள்ளி தருவார்கள். புள்ளி சேர்ந்தால் விமானச் சீட்டு. புதிதாகச் சேர்பவருக்குப் பெருந்தொகைப் புள்ளிகள் தருவதாக ஆசை காட்டுவார்கள். ஆனால் பல அட்டைகளில் அதற்கு மூன்று மாதத்துக்குள் 3,000 அல்லது 4,000 டொலர் செலவழித்துக் காட்ட வேண்டும். எஸ்.எஸ்.ஐ. வாங்குபவரின் மூன்று மாத முழு வருமானமே 2,982 டொலர்! புள்ளிக்காகத் தேவையில்லாததை வாங்கினால் மாடு வாங்கக் கயிற்றுக்காகக் காணி விற்ற கதைதான். இவற்றில் சிலவற்றுக்கு ஆண்டுக் கட்டணமும் உண்டு. 95 டொலர் வழமையான ஒரு தொகை.

வட்டியைப் பார்ப்போம். 2024 இல் அங்கே கடன் அட்டைகளின் சராசரி வட்டி ஆண்டுக்கு 20 வீதத்துக்கும் மேல் இருந்தது. 1,200 டொலருக்குச் சீட்டெடுத்து, 21 வீத வட்டியில் மாதம் 35 டொலர் கட்டுகிறார் என்று வைப்போம். முதல் மாதம் கட்டும் 35 இல் 21 டொலர் வட்டிக்கே போய்விடும். முதலில் குறைவது 14 மட்டும். கட்டி முடிக்க நான்கு வருடமும் ஐந்து மாதமும் செல்லும். மொத்தம் ஏறத்தாழ 1,850 டொலர் கட்டியிருப்பார். இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டியபோது தாய் சொன்னார்: “இது எங்கடை குழுக்கடன் மாதிரித்தானே. கிழமைக்குக் கிழமை வந்து படலையிலை நிக்காயினம், அவ்வளவுதான்.”

ஒரு பாதுகாப்பு உண்டு. கட்ட முடியாமற் போனாலும், கடன் கொடுத்த தனியார் நிறுவனம் இந்தக் கொடுப்பனவைப் பறித்தெடுக்க முடியாது என்று சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 207 ஆம் பிரிவு சொல்கிறது. நீதிமன்றக் கட்டளை வந்தாலும், கணக்கில் நேரடியாக வைப்பிலிடப்பட்ட இரண்டு மாதக் கொடுப்பனவை வங்கி தானாகவே காக்க வேண்டும் என்ற விதி 2011 இல் வந்தது. ஆனால் கடன் அழியாது, வட்டி ஏறும், பெயர் கெடும். அடுத்த முறை வாடகைக்கு வீடு தேடும்போதும் அந்தக் கெட்ட பெயர் முன்னால் வந்து நிற்கும்.

பெயரைக் கட்டியெழுப்பச் சிறிய வழி இருக்கிறது. வைப்புப் பணத்தோடு கூடிய அட்டை. 200 டொலர் போல ஒரு தொகையை வங்கியில் வைத்தால், அந்த அளவுக்கே செலவழிக்க விடுவார்கள். தொலைபேசிக் கட்டணம் போன்ற எப்படியும் கட்ட வேண்டிய ஒன்றை அதில் கட்டி, மாத முடிவில் முழுதாக அடைத்துவிட்டால் வட்டி இல்லை. ஒழுங்காக அடைத்தவர் என்ற பதிவு மட்டும் சேரும்.

சேமிப்புக்கு வேறு வழி இல்லையா என்று தேடியபோது நல்ல செய்தி ஒன்று அகப்பட்டது. ஏபிள் கணக்கு என்று ஒன்று 2014 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. இயலாமையுடையவர் தன் பெயரில் அதில் சேமிக்கலாம். 100,000 டொலர் வரை எஸ்.எஸ்.ஐ. எல்லையில் சேராது. போக்குவரத்து உட்படத் தன் தேவைகளுக்கு எடுக்கலாம். முன்பு 26 வயதுக்கு முன் இயலாமை ஏற்பட்டவர்களுக்கே இது இருந்தது. 2026 ஜனவரியிலிருந்து அந்த வயதை 46 ஆக்கியிருக்கிறார்கள். இந்த மகனுக்கு விபத்து நடந்தது 38 வயதில். நேற்றுவரை மூடியிருந்த கதவு இப்போது திறந்திருக்கிறது. அது அவருக்கே தெரிந்திருக்கவில்லை.

எமது நாட்டையும் நினைத்துப் பார்த்தோம். இயலாமையுடையோரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 12 ஆம் உறுப்புரை, வங்கிக் கடன் பெறுவதில் அவர்களுக்குச் சம உரிமை இருக்க வேண்டும் என்று சொல்கிறது. இலங்கை 2016 இல் அதனை ஏற்றுறுதி செய்தது. அமெரிக்கா 2009 இல் ஒப்பமிட்டதோடு சரி. 2012 இல் அங்குள்ள செனற் சபையில் போதிய வாக்குக் கிடைக்கவில்லை. ஒப்புக்கொள்ளாத நாட்டில் கேட்டால் கடன் கிடைக்கிறது. ஒப்புக்கொண்ட நாட்டில், 2024 இல் மாதம் 7,500 ரூபா இயலாமைக் கொடுப்பனவு பெற்றவர் அதைக் காட்டிக் கடன் கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்பதை வாசகர்களே அறிவீர்கள்.

இன்னொரு விதியைத் தாயிடம் சொல்லாமல் விட முடியவில்லை. எஸ்.எஸ்.ஐ. பெறுபவர் தொடர்ந்து 30 நாள் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தால் கொடுப்பனவு நின்றுவிடும். ஒரு முழு நாட்காட்டி மாதம் வெளியே இருந்தாலும் அப்படியே. திரும்பிப் போய் 30 நாள் தொடர்ந்து இருந்த பிறகுதான் மீண்டும் தொடங்கும். சக்கரக் கதிரையைக் கொண்டுவரக் காசு கேட்க மாட்டார்கள்; 1986 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அமெரிக்காவுக்கு வந்துபோகும் விமானங்களில் அதற்குக் கட்டணம் அறவிடக் கூடாது. நாட்கணக்கில்தான் கவனம் வேண்டும்.

“அப்ப மாசி மாதம் முழுக்க நிண்டிட்டுப் போகட்டும். பெப்ரவரி இருபத்தெட்டு நாள்தானே” என்றார் தாய்.

கூடாது என்றோம். 28 நாள் என்றாலும் அது ஒரு முழு மாதம், கொடுப்பனவு நின்றுவிடும். பெப்ரவரி நடுவில் வந்து மார்ச் நடுவில், முப்பது நாளுக்குள் திரும்ப வேண்டும். அவர் சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் கழற்றித் தரச் சொல்லி, மடியில் வைத்து, பெப்ரவரியிலிருந்து மார்ச்சுக்கு விரலை நகர்த்தி எண்ணத் தொடங்கினார்.

“அறுவடை முடிஞ்சு புதுநெல்லு வீட்டை வந்திடும். வரட்டும். ஆனா இந்த வரியம் வேண்டாம், காசைச் சேத்துக்கொண்டு வரச் சொல்லுறன். கதிரை ஏறிறதுக்கு வாசல்படியையும் உடைச்சுச் சரிவாக் கட்ட வேணும். சீமெந்து இப்ப என்ன விலை, தம்பி?”