மலையிறக்கமும் தானியங்கிக் கியரும்

திருமலையில் வேங்கடவனைத் தரிசித்து இறங்கி, திருச்சானூரில் பத்மாவதித் தாயாரைச் சேவித்து ஊர் திரும்புவது நெடுநாள் வழக்கம். அப்பயணத்தில் இன்று தானியங்கிக் கியர் கார்களும் பெருகி வருகின்றன. கிளட்ச் மிதி இல்லாத வசதியை விரும்புவோர் பலர். கியர்த் தண்டின் அருகிலுள்ள எழுத்துகள் அனைத்தின் பொருளையும் அறிந்தோர் சிலரே. சமவெளியில் இது பெருங்குறையன்று. மலைப்பாதையில் இது உயிர்ப் பாதுகாப்பைப் பற்றியது.

எழுத்துகள் உணர்த்துவன

'பி' என்பது நிறுத்தி வைக்கும் நிலை. கியர்ப்பெட்டியினுள் ஒரு கொக்கி பல்சக்கரத்தில் விழுந்து வண்டியைப் பூட்டுகிறது. 'ஆர்' பின்னோக்கிச் செல்ல. 'என்' நிலையில் இயந்திரத்துக்கும் சக்கரங்களுக்கும் தொடர்பில்லை. 'டி' முன்னோக்கிச் செல்ல. 'எல்', '2', 'எஸ்', 'எம்' போன்றவை வண்டிக்கு வண்டி மாறுபடும். தாழ்ந்த கியரை நாமே தேர்ந்துகொள்ள அவை பெரும்பாலும் உதவும். 'பி', 'ஆர்' ஆகியவற்றுக்கு வண்டி முழுவதும் நின்ற பின்னரே மாற்ற வேண்டும்.

இறக்கத்தில் செய்ய வேண்டியது

1944-இல் திறக்கப்பட்ட முதல் மலைப்பாதை இன்று இறங்குவதற்கும், 1974-இல் அமைந்த இரண்டாம் பாதை ஏறுவதற்கும் பயன்படுகின்றன. ஒன்றரை டன் எடையுள்ள கார் 600 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், சுமார் 30 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. காற்றும் சாலையும் ஏற்கும் பங்கு போக, எஞ்சியதைப் பிரேக்குகள் மட்டுமே தாங்கினால் அவை அளவுமீறிச் சூடேறிப் பிடிப்பை இழக்கும்.

ஆகவே இறக்கம் தொடங்கும் முன்பே தாழ்ந்த கியருக்கு மாறிவிடுதல் நலம். அப்போது இயந்திரமே வேகத்தைக் கட்டுப்படுத்தும். பிரேக்கின் மீது இடைவிடாது காலை வைத்திராமல், வேகம் கூடும்போது உறுதியாக அழுத்தி, குறைந்ததும் விட்டுவிட வேண்டும்.

எரிபொருளை மிச்சப்படுத்த எண்ணிச் சிலர் 'என்' நிலையில் இறங்குகின்றனர். இது ஆபத்தானது, பயனுமற்றது. இன்றைய கார்களில், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் வரத்து பெரும்பாலும் தானே நின்றுவிடும். 'என்' நிலையிலோ இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க எரிபொருள் செலவாகும்.

ஏற்றத்திலும் நிறுத்தத்திலும்

ஏற்றத்தில் வண்டிகள் தேங்கும்போது ஆக்ஸிலரேட்டரை இலேசாக அழுத்தியே காரை நிறுத்தி வைத்தல் கூடாது. ஏஎம்டி, இரட்டைக் கிளட்ச் வகைகளில் இதனால் கிளட்ச் தேயும். பிரேக்கையே பயன்படுத்துக.

திருச்சானூரில் வண்டியை நிறுத்தும்போது, கால் பிரேக்கை அழுத்தியவாறே கைப்பிரேக்கை இட்டு, அதன் பின்னரே 'பி'க்கு மாற்றுக. இல்லையேல் வண்டியின் எடை முழுவதும் அச்சிறு கொக்கியின் மீதே விழும். ஏஎம்டி கார்கள் பலவற்றில் 'பி' நிலையே இல்லை; அவற்றில் கைப்பிரேக் இன்றியமையாதது.

புதிய கார் வாங்குவோர் விலையையும் தவணையையும் கணக்கிடுவதோடு, ஓட்டுநர் கையேட்டில் கியர் நிலைகளைப் பற்றிய பக்கங்களையும் படித்தறிதல் வேண்டும். மலைப்பயணத்துக்கு முன் ஆளில்லாச் சமதளத்தில் தாழ்ந்த கியருக்கு மாற்றிப் பழகிக்கொண்டால், வளைவில் கை தடுமாறாது.