முதல் ஆட்டமா, இரண்டாம் ஆட்டமா?

ஒரு திரைப்படம் நன்றாக ஓடினால் சில ஆண்டுகளில் அதன் இரண்டாம் பாகம் வந்துவிடுகிறது. விடியோ விளையாட்டுகளிலும் இதே கதைதான். "முதல் பாகம் போல் வருமா?" என்று சிலரும், "இரண்டாவதுதான் பிரமாதம்" என்று சிலரும் வாதாடுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள், நீங்களே வாதாடியும் இருப்பீர்கள்.

இந்த வழக்கைத் தீர்க்க அளவுகோல் உண்டா? எல்லா விளையாட்டுகளுக்கும் பொருந்தும் அளவுகோல் என்னிடம் இல்லை. ஒரே ஒரு விளையாட்டுக்கு மட்டும் இருக்கிறது. அதன் பெயர் 'போர்ட்டல்'. அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் இதை 2007 அக்டோபரில் வெளியிட்டது. 'போர்ட்டல் 2' 2011 ஏப்ரலில் வந்தது. இயற்பியலையே விளையாட்டுப் பொருளாகக் கொண்டவை இவை. ஆகவே இயற்பியலையே தராசாக வைத்து இரண்டையும் நிறுத்துப் பார்ப்போம்.

ஒரே ஒரு புதிய விதி

ஆட்டத்தின் கதாநாயகி ஓர் ஆய்வுக்கூடத்தில் அடைபட்டிருக்கிறாள். அவளை ஆட்டிவைப்பது கிளாடோஸ் என்ற கணிப்பொறி. அவள் கையில் துப்பாக்கி போன்ற ஒரு கருவி. அதனால் ஒரு சுவரில் சுட்டால் நீல வாயில் திறக்கும். வேறொரு சுவரில் சுட்டால் ஆரஞ்சு வாயில் திறக்கும். ஒன்றில் நுழைந்தால் மற்றொன்றின் வழியாக வெளியே வரலாம். இடையில் உள்ள தொலைவு கணக்கில் இல்லை. இயற்கையின் விதிகளோடு ஆட்டம் கூட்டிச் சேர்த்த புதிய விதி இது ஒன்றே.

இதிலிருந்து என்ன விளைகிறது என்று பாருங்கள். தரையில் ஒரு வாயிலைத் திறந்து, 5 மீட்டர் உயரத்திலிருந்து அதில் குதிக்கிறீர்கள். புவியீர்ப்பு முடுக்கத்தை விநாடிக்கு விநாடி 10 மீட்டர் என்று கொண்டால், தரையை எட்டும்போது உங்கள் வேகம் விநாடிக்கு 10 மீட்டர். மற்றொரு வாயில் சுவரில் இருக்கிறது. அதே 10 மீட்டர் வேகத்தில், ஆனால் கிடைமட்டமாக, அதிலிருந்து வெளியே பாய்வீர்கள். அது தரையிலிருந்து 5 மீட்டர் உயரத்தில் இருந்தால், விழுவதற்கு ஒரு விநாடி ஆகும். அதற்குள் 10 மீட்டர் அகலப் பள்ளத்தைத் தாண்டிவிடலாம்! உங்கள் பாடநூலில் உள்ள எறிபொருள் கணக்கு இதுவே அல்லவா?

வாயில்களின் ஊடே உந்தம் மாறுவதில்லை என்று ஆட்டத்தில் கிளாடோஸ் அறிவிக்கிறது. இங்கே சற்று நில்லுங்கள். உந்தம் ஒரு வெக்டர் அளவு. அதற்கு எண்மதிப்பும் உண்டு, திசையும் உண்டு. கீழ்நோக்கி இருந்தது கிடைமட்டமாகத் திரும்பிவிட்டதே! மாறாமல் இருப்பது வேகம்தான், உந்தம் மாறிவிட்டது. அந்த மாற்றத்துக்குரிய உதையைச் சுவரும் தரையும் வாங்கியிருக்க வேண்டும். தேர்வில் ஒரு மாணவர் இப்படி எழுதினால் நான் ஒரு மதிப்பெண் குறைத்துவிடுவேன்.

இலவச ஆற்றல்

இன்னொரு சோதனை. ஒரு வாயில் தரையில். மற்றொன்று அதற்கு நேர் மேலே, கூரையில். இரண்டுக்கும் இடையே 3 மீட்டர். தரை வாயிலில் விழுந்தால் கூரையிலிருந்து வெளிவந்து மீண்டும் தரை வாயிலில் விழுவீர்கள்; இதற்கு முடிவே இல்லை. உங்கள் நிறை 60 கிலோகிராம் என்றால், ஒவ்வொரு சுற்றிலும் 60 × 10 × 3 = 1800 ஜூல் இயக்க ஆற்றல் கூடும். பதினைந்தாம் சுற்றில் வேகம் விநாடிக்கு 30 மீட்டர், அதாவது மணிக்கு 108 கிலோமீட்டர்!

மனிதருக்குப் பதில் தண்ணீரை விட்டு, நடுவே ஒரு சக்கரத்தையும் வைத்தால் செலவில்லாமல் மின்சாரம் எடுக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எடுக்கலாம், ஆற்றல் அழியாமை விதி பொய்யாக இருந்தால்! அந்த விதி மெய்யாக இருக்க வேண்டுமானால், தரையிலிருந்து கூரைக்கு உங்களைத் தூக்கும் வாயில் அந்த 1800 ஜூலைச் சுங்கமாகக் கேட்டே தீர வேண்டும். ஆட்டக்காரர்கள் சுங்கம் வசூலிக்கவில்லை. வேகத்துக்கு ஒரு மேல்வரம்பு மட்டும் கட்டியிருக்கிறார்கள்.

குற்றமாகவா சொல்கிறேன்? இல்லை. ஒரு விதியைப் பொய்யாக்கி, அதன் விளைவுகளை ஒழுங்காகப் பின்தொடர்ந்து போனால்தான் மெய்யான விதியின் அருமை தெரிகிறது. மூன்று நான்கு மணி நேரத்தில் முடியும் ஒரு சிறிய ஆட்டம், ஒரே விதியைக் கொண்டு இத்தனையும் செய்துவிடுகிறது.

வண்ணக் குழம்புகள்

இரண்டாம் ஆட்டம் பெரியது. இடிந்த மண்டபங்களும் ஆழச் சுரங்கங்களும் நிறைந்தது. புதுமைகளில் முக்கியமானவை 'ஜெல்' எனப்படும் மூன்று குழம்புகள். நீலக் குழம்பு பூசிய தரையில் விழுந்தால், ஏறக்குறைய விழுந்த உயரத்துக்கே எகிறலாம். உண்மையான ரப்பர் பந்து ஒவ்வொரு துள்ளலிலும் சிறிது ஆற்றலை வெப்பமாக இழக்கிறது. இங்கே அந்த இழப்பு இல்லை.

ஆரஞ்சுக் குழம்பில் ஓடினால் வேகம் பன்மடங்காகும். இதை நான் ஏற்கமாட்டேன். வழுக்கும் தரையில் யாராவது வேகமாக ஓடியிருக்கிறார்களா? ஓடுபவரை முன்னே தள்ளுவதே உராய்வுதான். கூடிய ஆற்றல் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆட்டத்தில் விடை இல்லை.

இன்னொரு குறையும் உண்டு. பரந்த சுரங்கங்களில் பல இடங்களில் வாயில் திறக்கத் தகுந்த வெள்ளைச் சுவர் ஒன்றிரண்டே இருக்கும். அங்கே வேலை சிந்திப்பதாக இல்லை. கண்ணால் தேடுவதாக ஆகிவிடுகிறது. இதனால் முதல் ஆட்டமே உயர்ந்தது என்று நான் தீர்ப்பெழுதி வைத்திருந்தேன்.

சந்திரனில் ஒரு வாயில்

அந்தத் தீர்ப்பை அசைத்தது என் வகுப்பு மாணவர் ஒருவரின் கேள்வி. அதற்கு ஆட்டத்தின் முடிவைச் சொல்லியாக வேண்டும், ஆடப்போகிறவர்கள் மன்னிக்கவும்.

மூன்றாவதான வெள்ளைக் குழம்பு, சந்திரப் பாறையை அரைத்துச் செய்தது. அதைப் பூசினால் எந்தச் சுவரிலும் வாயில் திறக்கலாம். இறுதிக் காட்சியில் கூரை பிளக்கிறது. வானில் முழுநிலவு தெரிகிறது. குழம்பு எதனால் ஆனது என்பது நினைவில் இருந்தால், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது புரிந்துவிடும். கதாநாயகி சந்திரனை நோக்கிச் சுடுகிறாள்!

மாணவர் கேட்டார்: "ஐயா, சுட்ட உடனே வாயில் திறக்காமல் சற்று நேரம் ஆகிறதே, அது சரியா?" உடனே கரும்பலகைக்குப் போனோம். சந்திரனின் சராசரித் தொலைவு 3,84,400 கிலோமீட்டர். ஒளியின் வேகம் விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். போவதற்கு 1.3 விநாடி, பட்ட இடத்தின் ஒளி நம் கண்ணுக்குத் திரும்பி வர இன்னொரு 1.3 விநாடி. காத்திருப்பதே சரி!

பிறகு வாயில் திறந்து, அறையின் காற்று சந்திரனுக்குப் பாய்கிறது. வெற்றிடம் உறிஞ்சுகிறது என்று சொல்லாதீர்கள்; வெற்றிடத்துக்கு இழுக்கும் வலிமை இல்லை. இந்தப் பக்கத்துக் காற்றுதான் தள்ளுகிறது. வாயில் 2 மீட்டர் உயரமும் 1 மீட்டர் அகலமும் உள்ள நீள்வட்டம் என்று கொண்டால், பரப்பு சுமார் 1.5 சதுர மீட்டர். அதை ஒரு பலகையால் அடைத்தால், வளிமண்டல அழுத்தம் அப்பலகையைச் சுமார் 15 டன் எடைக்கு ஈடான விசையுடன் தள்ளும். அன்று அந்த வகுப்பில் மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

தீர்ப்பு

ஆக, என் தீர்ப்பைத் திருத்திக்கொண்டேன். சிக்கனத்தில் முதல் ஆட்டமே மேல். கொஞ்சம் விதி, நிறைய விளைவு என்பதே அறிவியலின் அழகும் ஆகும். ஆனால் கேள்வி எழுப்புவதில் இரண்டாம் ஆட்டம் முந்துகிறது. இருவர் கூடி, நான்கு வாயில்களைக் கொண்டு தீர்க்கும் புதிர்களும் அதில்தான் உண்டு. பக்கத்தில் இருப்பவருக்கு விளக்கிச் சொன்னால்தான் அவற்றில் நகர முடியும். 2012-இல் அதே நிறுவனம், பள்ளிகளுக்கென்று ஒரு திட்டம் தொடங்கி, புதிர் அறைகளை மாணவர்களே வடிவமைக்க வழி செய்தது.

ஒன்றை மறக்க வேண்டாம். வாயில் என்ற எண்ணமும் குழம்பு என்ற எண்ணமும் அந்த நிறுவனத்தில் பிறந்தவை அல்ல. அமெரிக்காவின் டிஜிபென் கல்லூரி மாணவர்கள் தம் படிப்புக்காகச் செய்த இரு சிறு ஆட்டங்களில் பிறந்தவை. 'நார்பாகுலர் டிராப்', 'டேக்: தி பவர் ஆஃப் பெயின்ட்' என்பன அவற்றின் பெயர்கள். அப்போது அவர்கள் உங்களைவிடச் சில வயதே மூத்தவர்களாக இருந்தார்கள்.

இனி உங்கள் முறை. சுவரில் 5 மீட்டர் உயரத்தில் உள்ள வாயிலிலிருந்து பாய்ந்து 20 மீட்டர் அகலப் பள்ளத்தைத் தாண்ட, எவ்வளவு உயரத்திலிருந்து குதிக்க வேண்டும்? பூமியில் 5 மீட்டர் விழுந்து, சந்திரத் தரையில் உள்ள வாயில் வழியே மேல்நோக்கி வெளிவந்தால், எவ்வளவு உயரம் போவீர்கள்? அங்கே ஈர்ப்பு முடுக்கம் 1.6. கணிப்பொறி வேண்டாம், காகிதமும் பென்சிலும் போதும்.